முகமூடிக்காரிக்கு ஆள் மாறியது

12, வியாழன்

காலையிலிருந்து தூறல். விற்கிற இட்லி மாவு பொங்கவில்லை. மழை வந்தால் இதே தொல்லை. வந்தவர்கள் எல்லாம் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, இன்னும் புளிக்கலையா?" நான் என்ன, வாயால் ஊதியா புளிக்க வைக்க முடியும்?

வாங்க வேண்டியது: வெந்தயம், ரப்பர் பேண்டு, இவருக்கு முட்டுவலித் தைலம்.

நாளை ஏழரைக்கு முகமூடிக்காரி சீரியல் இரண்டாம் சீசன் ஆரம்பம். பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுவாள். ஊருக்கு ஆபத்து என்றால் முகமூடி மாட்டி, லாரியை ஒற்றைக் கையால் நிறுத்துவாள். முதல் சீசன் முழுக்க நானும் மதினியும் எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தோம். அப்போது அண்ணனும் மதினியும் எங்கள் மாடியில் குடியிருந்தார்கள். ஆரம்பப் பாட்டுக் கேட்டதும் படியில் தடதடவென்று மதினி இறங்குகிற சத்தம்.

கடைசி நாள் பாலம் இடிந்து அவள் மேல் விழுந்ததோடு நிறுத்திவிட்டார்கள். "வில்லனோட அம்மாதான் வந்து இவளக் காப்பாத்துவா, பாரு" என்றார் மதினி. "பெத்த மகனுக்கு எதிராவா? போங்க மதினி" என்றேன். பந்தயம், ஒரு சீப்பு சிறுமலைப் பழம்.

இப்போது பேச்சு இல்லை. ஆவணியில் பைபாஸ் பக்கம் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். கூடப்பிறந்தவளுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் பத்திரிகை வைக்க வேண்டாமா? மாடியிலிருந்து இறங்கி வரக்கூடவா முடியவில்லை? குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டார்கள், எல்லோரோடும் சேர்த்து. போனேன். மொய் எழுதினேன். கை நனைக்காமல் திரும்பினேன். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இவர் மட்டும் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். மானங்கெட்ட மனுசன்.

13, வெள்ளி

மழை விட்டது. மத்தியானம் போன கரண்ட் ஆறரைக்கு வந்தது. முருகன் புண்ணியம்.

மதினிக்குப் பதில் இவரை உட்கார வைத்தேன்.

"இவ யாரு?"

"கதாநாயகி."

"எதுக்கு மூஞ்சிய மூடியிருக்கா?"

"ஏங்க, செத்த நேரம் சும்மா இருங்க."

முதல் விளம்பரத்துக்குள் குறட்டை.

எடுத்த எடுப்பிலேயே திரையில் எழுத்து: இவருக்குப் பதில் இனி இவர். கதாநாயகியையே மாற்றிவிட்டார்கள்! நாசமாய்ப் போக. புதுப்பெண் நல்ல நிறம், எடுப்பான மூக்கு. ஆட்டோ ஓட்டுகிற கையா அது? முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டார்கள் போல. பழையவள் லாரியை நிறுத்தும்போது பல்லைக் கடிப்பாள். இவள் சிரிக்கிறாள்.

வில்லன் பறப்பது நன்றாக இருந்தது. கயிறு தெரியவில்லை.

கடைசியில், பாலத்துக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடக்கிறாள். கடப்பாரையோடு ஒரு அம்மா வருகிறாள். யாரென்று பார்த்தால் வில்லனின் அம்மா.

"மதினி!" என்று கத்திவிட்டேன். இவர் பதறி எழுந்து, "எங்க, எங்க?" என்று வாசலைப் பார்த்தார்.

மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. பத்திரிகைக் கோபம் நிஜம். ஆனால் அவர்கள் போனதுதான் எனக்கு ஆறவில்லை. அழுதேன். சீரியலுக்கு அழுகிறேன் என்று இவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும்.

14, சனி

வெயில். மாவு நன்றாகப் பொங்கி, சாயங்காலத்துக்குள் எல்லாம் தீர்ந்தது.

பந்தயம் என்றால் பந்தயம். தோற்றதைக் கொடுக்காத ஆளா நான்? சிறுமலைப் பழம் வாங்கினேன். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இவரிடம் கொடுத்தனுப்பப் பார்த்தேன்.

"நீயே போ. நான் போனா சாப்பிடச் சொல்லுவாக. அதுக்கும் என்னையத்தான் வைவ."

நியாயம்தான்.

15, ஞாயிறு

மேகமூட்டம். போனேன்.

கதவைத் திறந்த மதினி வா என்றுகூடச் சொல்லவில்லை. "ஆள மாத்திப்புட்டாய்ங்களே சாந்தி!"

"ஆமா மதினி! அந்த மூக்கப் பாத்தீங்களா?"

வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"புது ஆளுன்னு போட்டதுமே அமத்திட்டேன். கூடச் சேந்து திட்ட ஆளில்லாம என்னத்தப் பாக்குறது?" என்றார்.

அப்படியானால் முடிவு தெரியாது. தான் ஜெயித்ததும் தெரியாது.

"என்னத்துக்கு இம்புட்டுப் பழம்?"

"வெறுங்கைய வீசிட்டா வருவாக?" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

டிவியில் யூடியூபைத் திறந்து, வெள்ளிக்கிழமை வந்ததை முதலிலிருந்து போட்டோம். திட்டித் தீர்த்தோம். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டது. கடப்பாரையோடு வில்லனின் அம்மா வந்தாள். மதினி டிவியை விட்டுவிட்டுப் பழத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி. அதுக்குத்தானா?"

"பந்தயம்ல."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பத்திரிகைய நேர்ல வைக்காதது தப்புத்தான். மாடிய விட்டுப் போறோம்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல சாந்தி. படி வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தட்டு எடுத்து வந்தார்.

இட்லி, கறிக்குழம்பு. வேறு எவளோ அரைத்த மாவு, கல் மாதிரி. மூன்று சாப்பிட்டேன்.