சரி, அடுத்து?

போன வாரம் பட்டாபிராமிலிருந்து ஓர் இளைஞர் வந்து என் மேஜைமேல் ஒரு தகரப் பெட்டியை வைத்தார். நீல நிறம், முகப்பில் ‘புகார்ப் பெட்டி’ என்று வெள்ளை எழுத்து, பக்கவாட்டில் சின்னப் பூட்டு. அங்கே புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் பயிற்சி நிலையம் நடத்துகிறார்கள். அதன் மேலாளர் அவர். புகார்க் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டுமாம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

“மாட்டி ஒரு வருஷமாச்சு மேடம். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரல” என்றார், பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லும் தகப்பனைப் போல.

அவர் போனதும் அவர் தந்த சாவியால் பெட்டியைத் திறந்தேன். சாயத்தின் வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடு, கசக்கிய மிட்டாய்த் தாள்கள் கொஞ்சம். பல்லி முட்டையைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. மிட்டாய்த் தாள்தான் என்னைக் குடைந்தது. யாரோ பெட்டியின் வாய்த் தகட்டைத் தூக்கி உள்ளே போட்டிருக்கிறார்கள். ஏன்? இதை உன்னிடம் கேட்கலாம் என்று தொலைபேசியைத் தேடி எழுந்தேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது, எடுக்க நீ இல்லை என்று.

நீயாக இருந்தால் பெட்டியைப் பார்த்ததும் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். “பூட்டு போட்ட வாய்டி இது.”

சேக்காட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த உன் மைதானத்துக்கு நான் முதலில் வந்தது என் விருப்பத்தால் அல்ல. என் கணவர் போன பிறகு நான் வீட்டை விட்டு இறங்காமல் கிடந்தேன். ஒருநாள் நீ வந்து, அலமாரியிலிருந்து கஞ்சி போட்ட புடவை ஒன்றை உருவி என் மடியில் போட்டாய். “மகாராணி, கெளம்பு. என் பொண்ணுங்களுக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்ல.” கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னை அப்படி அழைக்க உனக்கு மட்டும்தான் உரிமை. நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நான் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். வயதான பிறகும் நீ விசில் ஊதினாய். நான் நாற்காலி கொண்டுவந்து நிமிர்ந்து உட்கார்ந்து புள்ளி எழுதினேன்.

ஆட்டத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் நீ நடத்திய அந்த வட்டம் எனக்குப் பிடிக்கவேயில்லை. வெளிச்சம் மங்குவதற்கு முன் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தியும் ஒரு குறை சொல்ல வேண்டும். குறை சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

“நெட்டு தொங்குதுக்கா.”

“சரி, அடுத்து?”

“சுண்டல்ல உப்பு ஜாஸ்தி.”

“சரி, அடுத்து?”

“இவ சர்வ் போட சொல்ல கண்ண மூடிக்கினு போடறாக்கா. என் மண்டைய ஒடைக்கப் போறா.”

“ஏய், நீ மண்டைய ஏன்டீ அங்க வெச்சிக்கினு நிக்கிற?”

“குறைக்குப் பதில் சொல்லக் கூடாது. சரி, அடுத்து?”

யாரும் சிரிக்கக் கூடாது, இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்கக் கூடாது, நீயும் வாதாடக் கூடாது. மறுநாள் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு குறைக்கும் பதில் சொல்வாய். வலை இழுத்துக் கட்டியாயிற்று, உப்பு குறைத்தாயிற்று. உன்னைப் பற்றிய குறைக்கும் அதே முறைதான். “அக்கா, நேத்து நீங்க என்னை எரும மாடுன்னு திட்டினீங்க” என்று ஒருத்தி சொன்னபோது, மறுநாள் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டாய்.

பிள்ளைகளைச் சிணுங்கிகளாக வளர்க்கிறாய் என்று உன்னோடு சண்டை போட்டேன். நாம் வளர்ந்தது அப்படியா? காய்ச்சலோடு அணிவகுப்பில் நின்றால்கூட, அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு என்பார் சிஸ்டர். முழங்கால் சிராய்ப்பை அவரிடம் காட்டுவதே அநாகரிகம். இந்தப் பழக்கத்தை எங்கே பிடித்தாய் என்று எத்தனையோ முறை கேட்டேன். ஒருமுறை, “எங்க மாமியார் கிட்ட. அந்தம்மா குறை சொல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல” என்றாய். இன்னொருமுறை, “ரயில்ல” என்றாய். உண்மையைச் சொல்லாமல் என்னைத் துளைத்துக்கொண்டே இருக்க விடுவதில் உனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த மாலையைப் பற்றி இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மாவட்ட அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. உனக்கு உதவியாக ஊர் விளையாட்டுச் சங்கம் ஒரு பயிற்சியாளரை அமர்த்தியிருந்தது. மாநிலத்துக்கு ஆடியவர், நன்றாகப் பேசுவார், தேர்வாளர்களுக்கெல்லாம் வேண்டியவர். பெற்றோர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். வட்டம் பாதி சுற்றியிருந்தது. நம் இடக்கைக்காரியின் முறை. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். அவள் தரையில் புல்லைக் கிள்ளிக்கொண்டே, வலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

“காலுக்கு டேப் சுத்தறேன்னு மாஸ்டர் என்னை ஸ்டோர் ரூமுக்கு இட்டுக்கினு போய் கதவை சாத்திக்கிறாருக்கா. டேப் சுத்த வேணாத எடத்துல கைய வெக்கிறாரு. எனக்குப் புடிக்கல.”

என் பென்சில் நின்றுவிட்டது. நீ சொன்னாய், “சரி, அடுத்து?”

உன்மேல் எனக்கு அந்தக் கணத்தில் வந்த கோபம் கொஞ்சமல்ல. எழுந்துவிடலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன். ஆனால் அடுத்தவள் வாயைத் திறந்தாள். அவள் வழக்கமாகத் தண்ணீர் சூடாக இருக்கிறது என்பவள்.

“எனக்கும் அதே குறைதாங்க்கா.”

“சரி, அடுத்து?”

அடுத்தவள் ஆம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கும் நீ “சரி” என்றாய். வட்டம் முழுதாகச் சுற்றி முடிந்தது. கடைசிப் பெண் சுண்டலைப் பற்றித்தான் சொன்னாள், அதையும் அதே அக்கறையோடு கேட்டாய். பயிற்சியாளர் அப்போது மைதானத்தின் மறுகோடியில் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் வந்து மெல்லச் சொன்னாய், “இந்த மூணு பேரும் உன் பக்கத்துலயே இருக்கட்டும். அம்மாங்களுக்கு போன் பண்றேன்.”

நான் இடக்கைக்காரியிடம் எப்போது, எத்தனை முறை, யார் பார்த்தார்கள் என்று ஆரம்பித்தேன். ஆசிரியையின் புத்தி. நீ என் தோளைத் தொட்டாய். “கேக்காதே. ஒரு வாட்டி சொல்லிட்டா. திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சா, நாம நம்பலைன்னு நெனைப்பா. விசாரிக்கிறது நம்ம வேலையில்ல. சொல்ல வேண்டிய எடத்துல சொல்றதுதான் நம்ம வேலை.” பிறகு அவளிடம் திரும்பி, “நீ சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு” என்றாய். அவ்வளவுதான்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு நீ பேசி முடிப்பதற்குள் சங்கத் தலைவருக்குச் செய்தி எட்டிவிட்டது. மைதானத்து நிலமே அவர்கள் குடும்பத்துடையது. ஏரிப் பாசனம் இருந்த காலத்திலிருந்து அங்கே இருப்பவர்கள். பைக்கின் என்ஜினை அணைக்காமலே பேசினார்.

“அக்கா, செலக்‌ஷன் வர்ற நேரம். பொண்ணுங்க பேரும் கெட்டுப்பூடும். நாலு செவுத்துக்குள்ள பேசி முடிச்சிக்கலாம்.”

“நாலு செவுத்துக்குள்ளதான் தலைவரே இது ஆரம்பிச்சுது” என்றாய்.

அவர் பைக்கை அணைத்தார்.

கடினமாக இருந்தது இடக்கைக்காரியின் அம்மாவிடம் பேசுவதுதான். வானகரத்தில் துப்புரவு வேலை முடித்துச் சீருடையோடே ஓடி வந்திருந்தாள். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னாத்துக்குங்க இந்த ஆட்டம்? நாளையிலேர்ந்து இவ வர மாட்டா” என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். ஸ்டோர் ரூமைப் பற்றிச் சொன்னபோது அழாதவள் இப்போது அழுதாள்.

நீ அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாய். “தப்பு பண்ணவன் நிக்கணுமா, இவ நிக்கணுமா, நீயே சொல்லும்மா.” மகளிர் காவல் நிலையத்துக்கு நாம் கிளம்பியபோது அவளே முதலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த மனிதர் மறுநாள் முதல் மைதானத்துக்கு வரவில்லை. வழக்கு தன் வேகத்தில் நடந்தது. இன்னும் நடக்கிறது. ஸ்டோர் ரூம் கதவை நீ கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டாய். இடக்கைக்காரி தேர்வுக்குப் போனாள், தேர்வாகவில்லை. மறுநாள் வட்டத்தில் அவள் குறை: “செலக்டர் என் ஜம்ப்ப பாக்கவே இல்லக்கா. போனைப் பாத்துக்கினு இருந்தாரு.” நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ என்னை முறைத்தாய். வட்டத்தில் சிரிக்கக் கூடாது.

அன்று ஏன் “அடுத்து” என்றாய் என்று வீடு திரும்பும்போது கேட்டேன். இதற்கு மட்டும் விளையாட்டுப் பதில் சொல்லவில்லை. “என் மூஞ்சி மாறியிருந்தா பக்கத்துல இருந்தவ வாயைத் தொறந்திருப்பாளா?” என்றாய்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் நீ போன பிறகுதான் தெரிந்தது. துக்கம் கேட்க உன் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். “ஷிப்ட் மாறும்போது மிஷின ஒப்படைக்கணும்ல, எல்லாம் ஓகேன்னு சொன்னா மேடம் வாங்கிக்கவே மாட்டாங்க. ஒரு குறையாவது சொல்லிட்டுப் போன்னு நிப்பாங்க. நாங்க காண்டாயிடுவோம். ஆனா ஒருத்தன் விரலும் போனதில்லீங்க” என்றார். இவ்வளவு எளிய பதிலை எதற்காக என்னிடம் மறைத்தாய்? மறைத்தாயா, அல்லது உனக்கே அது பதிலாகத் தோன்றவில்லையா? இதுவும் இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

பட்டாபிராம் இளைஞரிடம் வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “கொஞ்சம் நெகட்டிவா இருக்குமே மேடம்” என்றார். குழுவில் நான் வேண்டுமென்றால் வட்டமும் வேண்டும் என்றேன். நேற்று மாலை என் நாற்காலியோடு போனேன். பிள்ளைகளை உட்காரவைத்து, பழக்கதோஷத்தில் ஆங்கிலம் கலந்து கேட்டேன். வரிசையாக, “ஒண்ணும் இல்ல மிஸ்”, “எல்லாம் நல்லா கீது மிஸ்.” உன் தொழிற்சாலையில் நீ ஒப்புக்கொள்ளாத பதில்.

யாராவது தொடங்க வேண்டும் என்று புரிந்தது. வாழ்நாளில் யாரிடமும் குறை சொல்லாதவள் நான். என் கணவரின் மருத்துவமனை நாட்களில்கூடச் சொன்னதில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “இந்த நாற்காலியில் என் முதுகு வலிக்கிறது” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பொடிசு கையைத் தூக்கியது.

“இங்க குப்பத் தொட்டியே இல்ல மிஸ். அதான் அந்த நீல டப்பாவுல போட்டோம்.”

மிட்டாய்த் தாளின் மர்மம் தீர்ந்தது. “சரி, அடுத்து?” என்றேன்.

“நீங்க இங்கிலீஷ்ல கேக்காதீங்க மிஸ். பயமா கீது.”

எத்தனை காலம் கற்பித்த ஆங்கிலம். முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். “சரி, அடுத்து?”

கடைசியில் இருந்த பெண் வாயைத் திறந்து மூடினாள். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். “நாளைக்குச் சொல்லட்டா மிஸ்?” என்றாள். என்ன, ஏது, யார் என்று என் நாக்கு நுனியில் அத்தனை கேள்வியும் வந்து நின்றது. “சரி. நாளைக்கு இங்கேயே இருப்பேன். அதுக்கு முன்னால சொல்லணும்னு தோணினாலும் சொல்லலாம்” என்று என் தொலைபேசி எண்ணை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவு முழுவதும் தொலைபேசி தலைமாட்டில் இருந்தது. அடிக்கவில்லை. இப்போது புடவைக்குக் கஞ்சி போட்டு உலர்த்திவிட்டேன். நாற்காலியைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டேன். அவள் சொல்லப்போவது தளர்ந்த வலையாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும் என் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மாலை உன் முகத்தில் பார்த்து வைத்திருக்கிறேன்.