ஜோடியாகக் கிளம்பும் கந்தகம்

மார்ச் 4
இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். யார் கேட்டார்கள்? வீட்டுக்காரியின் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டியதில் ஒரு திருகு மிஞ்சியது. கம்பெனிக்காரன் அதிகப்படியாகப் போட்டது. மெஷின் ஓடவில்லை என்பது வேறு விஷயம். "என் பொழப்பையே பிரிச்சுப் போட்டுட்டீங்களே! கொஞ்ச நாள் கண்ணுல படாம இருங்க" என்றாள். மரியாதையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். யாராவது கேட்டால், ஆராய்ச்சிக்கு உதவ வந்திருக்கிறேன்.

மார்ச் 6
அக்கா மகள் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கெஞ்சிக் கூட்டிப்போனாள். நகம் அளவு தங்கத் தகடு. அதன்மேல் கந்தகம் உள்ள மூலக்கூறுகளை ஒட்டவைத்திருக்கிறாள். கந்தகத் தலை தங்கத்தைக் கவ்விக்கொள்ளும். வால் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கழுவினாலும் போகாதாம்.

"உங்கள மாதிரிதான் மாமா. வந்து ஒட்டினா ஒட்டினதுதான்."

இந்த வாய் அவள் அத்தையிடம் கற்றது.

"அப்புறம் எப்படிம்மா கிளம்பும்?"

"காத்தே இல்லாத பெட்டிக்குள்ள வெச்சு மெதுவா சூடு ஏத்துவேன். ஒரு சூட்டுல பிடி விட்டுடும். தனித்தனியாப் போகுதா, ரெண்டு ரெண்டாப் போகுதா, அதைத்தான் எடை போட்டுப் பார்க்கணும்."

ஜோடியாகத்தான் போகும் என்று அங்கேயே அடித்துச் சொன்னேன். கூட இருந்த அவள் பேராசிரியர் உடனே குறித்துக்கொண்டார்.

மார்ச் 9
வீட்டிலிருந்து போன் இல்லை. டவர் கோளாறாக இருக்கும்.

மார்ச் 13
இன்னும் போன் இல்லை. டவர் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

அக்கா கேட்டாள்: "எப்பக் கிளம்புறே? தொரத்தலடா. சாப்பிடும்போதும் போனையே பார்க்குறியே, அதான்."

ஆராய்ச்சி விஷயமாகப் பார்க்கிறேன் என்றேன். சூடு ஏறுகிறது.

வீட்டுக்காரி உண்மையிலேயே என்னை வேண்டாம் என்றுவிட்டால்? சேச்சே. நானில்லாமல் அந்த வீட்டில் ஒரு பல்பு எரியுமா?

மார்ச் 19
முடிவு வந்துவிட்டது! எடை இரண்டு மடங்கு. ஜோடிதான்!

"தங்கத்தை விடறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கறதோட கந்தகத்துக்குக் கந்தகம் கோத்துக்குது மாமா. அப்புறம்தான் கிளம்புது."

"நான் அன்னிக்கே சொன்னேனே!"

"நீங்க அன்னிக்குக் கேன்டீன் எங்கேன்னுதானே கேட்டீங்க?"

விஞ்ஞானிகளுக்கு ஞாபக மறதி அதிகம்.

"தனியாக் கிளம்ப உங்களுக்கும் வராது. அத்தைக்குப் போன் பண்ணுங்க" என்றாள். நான் எதற்குப் பண்ண வேண்டும்? சாயங்காலம் வீட்டுக்காரியே பண்ணினாள். "நீங்க இல்லாம வீடு வீடாவே இல்ல" என்று அழாத குறை.

மார்ச் 22
நேரில் வந்து கூட்டிப்போகிறாள். வாசல் வரை வந்த அக்கா, கந்தகம் போன தங்கம் போலப் பளிச்சென்று சிரித்தாள்.

மார்ச் 24
மெஷின் ஓடுகிறது. திருகைப் போட்டது அவள்; டார்ச் பிடித்தது நான். டார்ச் இல்லாமல் எந்தத் திருகும் ஏறாது.

19-ஆம் தேதி எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். போன் பண்ணியது நான்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தத் திருகு உங்ககிட்டயா இருக்கு?"

ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அது நிஜம்.