ஒரு ரிங்கிட் கிளினிக்

தர்ஷாயினியின் அப்பாவுக்கு,

நேற்றுக் காலை கடைச் சாவியைத் தேடி எடுக்கத் தாமதமானதற்கு என் இடது கையை முறுக்கினீர்கள். எலும்பு முறிந்த சத்தம் உங்களுக்கும் கேட்டது. "சாயந்திரம் வந்து கிளினிக் கூட்டிட்டுப் போறேன், அழாத லா" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனீர்கள்.

எப்போதும் மெர்கோங்கில் உங்கள் நண்பரின் கிளினிக்தான். அறுபது ரிங்கிட் கொடுப்பீர்கள். உதடு கிழிந்தபோதும் நெற்றியில் தையல் போட்டபோதும் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று எனக்காக நீங்களே சொன்னீர்கள். அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாயந்திரம் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு ரிங்கிட்தான். அது என்னிடம் இருந்தது.

"அக்கா, இது விழுந்து ஒடஞ்ச கை மாதிரி இல்ல. யாரு செஞ்சா?" என்று டாக்டர் பெண் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் தர்ஷாயினி சொல்லிவிட்டாள். "எங்கப்பாதான். அம்மா கழுத்தையும் பாருங்க டாக்டர்."

பொய் சொல்லாதே என்று அவளை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. துப்பட்டாவை நானே விலக்கி, உங்கள் விரல் பதிந்த இடங்களைக் காட்டினேன். பிறகு டாக்டர் போலீசை அழைத்தாள். நடந்ததையெல்லாம் அவர்களிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் கடைக்கு வருவார்கள். நாங்கள் இருக்கும் இடத்தைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள்.

மகள் நன்றாக இருக்கிறாள். ஒன்பது வயதில் முதல்முறையாக நேற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒளியாமல், கட்டில்மேல் கைகாலை நீட்டித் தூங்கினாள்.

இப்படிக்கு,
அவள் அம்மா