சத்தம் வராத சுவர்

மார்ச் 4

அக்கா வருகிறாள். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள அவள் மகனுக்கு நேரமில்லையாம். "நீங்கதான் மாமா பெரிய மனசு பண்ணணும்." என் மனசின் அளவை இவன் எப்போது எடுத்தான்?

கூடத்தைத் தடுத்து அறை போடவேண்டும். நானே போடுவேன்.

மார்ச் 8

தகரச் சட்டங்களை நிறுத்தியாயிற்று. ஜிப்சம் பலகையைத் தூக்கிப் பிடிக்க மனைவியைக் கூப்பிட்டேன். "ஆள் வெச்சா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பான்" என்றாள். ஆள் என்னைப்போல் பஞ்சு வைப்பானா? இரண்டு பலகைகளுக்கும் நடுவே கண்ணாடி இழைப் பஞ்சை இண்டு இடுக்கில்லாமல் திணிக்கிறேன். கையெல்லாம் அரிப்பு. அரிக்கட்டும். அக்காவின் அந்தக் குரல் எனக்குக் கேட்கக் கூடாது.

வாலிப வயதில் ஒரு நாள், ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தோடு வாசலில் நின்றேன். உள்ளே அக்கா அப்பாவிடம்: "படிச்சது போதும்ப்பா. எவ்வளவு நாளைக்குத்தான் தண்டச்சோறு திம்பான்? வேலைக்கு அனுப்புங்க." தெருக்கோடிவரை கேட்கும் குரல். அப்பா அப்படியே செய்தார். இன்றுவரை சரக்கு அலுவலகத்தில் மூட்டைகளின் எடையைச் சரிபார்க்கிறேன்.

மார்ச் 11

ஆத்திரத்தில் முடுக்கியதில் ஸ்க்ரூ ஆழமாக இறங்கி, பலகையின் காகிதம் கிழிந்து பிடிப்பே போய்விட்டது. பக்கத்தில் இன்னொன்று அடித்தேன். அதுவும் போனது. மனைவி: "அந்த ஸ்க்ரூ உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

மார்ச் 15

இணைப்புகளில் நாடா ஒட்டி, மூன்று முறை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தலையில், பல்லிடுக்கில், சாப்பாட்டுத் தட்டில் வெள்ளைத் தூசி. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். பலகை எங்கே முடிகிறதென்று எவனும் கண்டுபிடிக்க முடியாது.

உள்ளே ரேடியோவை அலறவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றேன். முணுமுணுப்புகூட இல்லை. வெகுநாளைக்குப் பிறகு எனக்கே என்னைப் பிடித்தது.

மார்ச் 19

வந்துவிட்டாள். சுவரைத் தடவி, "நீயாடா போட்ட? கோணலா இல்லையே!" பாராட்டாம்.

மார்ச் 20

நிம்மதி.

மார்ச் 26

ஞாயிறு. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்தேன் — குறுக்கெழுத்துவரை. திரும்பி வந்து அக்காவின் அறைக் கதவைத் திறந்தவள் அலறினாள். அக்கா தரையில் கிடந்தாள். கைத்தடி எட்டாத தூரத்தில். துணி நனைந்திருந்தது.

"இங்கதானே உக்காந்திருந்தீங்க! காது அடைச்சா போச்சு?"

காதையா அடைத்தேன்?

எலும்புக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். அக்கா, "கூப்பிட்டேன்டா" என்றாள். அவ்வளவுதான். குரல் கம்மிக் கிடந்தது. ஏன் திட்டவில்லை? திட்டித் தொலைக்க வேண்டியதுதானே!

மார்ச் 28

சுவரை அறுத்துவிட்டேன். அவள் தலைமாட்டுக்கு நேராக, இரண்டு பக்கமும், ஒரு ஜன்னல் அளவுக்கு. பஞ்சைப் பிடுங்கி மூட்டை கட்டினேன். மூன்று முறை பட்டி பார்த்த சுவர்! "காத்து வரட்டும்னுதான்" என்றேன் அக்காவிடம்.

ஓரங்களைப் பூசக்கூட இல்லை, சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள்: "என்னடா கிறுக்கிக்கிட்டே இருக்க? பெரிய படிப்புப் படிச்சவனாட்டம்?"

"படிக்க விட்டியா நீ?"

கத்தியேவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை, அவள் முகத்துக்கு நேராக. அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட, ஓட்டையை நோக்கி நகர்ந்தாள்.

"கேக்குதுடா, கத்தாத. உக்காந்து சொல்லு."

அதிலும் அதிகாரம்தான். நாற்காலியை ஓட்டைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.