சிரில் சொன்ன சாட்சி

2023 மார்ச் 7
யூஜினுக்கு இன்று ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் முதல் நாள். கான்ட்ராக்டர் டிரேவர் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. மத்தியானம் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இனி என் பிள்ளை முகம் தொங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

மார்ச் 21
பக்கத்து வீட்டுக் கோமளத்துக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போனேன். அவள் வீட்டை டிரேவருக்கு விற்பதாக அவள் புருஷன் பெருமாள்சாமி சாகும் முன்பே அக்ரிமென்ட் போட்டுக் கொடுத்தாராம். டிரேவர் போட்ட கேஸ். அவன் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறியது என் வீட்டுக்காரர் சிரில்.

காலையில் என்னிடம் சொன்னது, அல்சூரில் யாரையோ பார்க்கப் போகிறேன் என்று.

"2019 டிசம்பர் 24 சாயங்காலம், டிரேவர் ஆபீஸ்ல, என் கண்ணெதிர்ல பெருமாள்சாமி கையெழுத்துப் போட்டாரு."

கோமளம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை!

அந்தச் சாயங்காலம் சிரிலுக்கு நெஞ்சில் அவசர ஆபரேஷன். இரத்தம் கொடுத்தது பெருமாள்சாமி. விடியும்வரை என்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். கோமளம் அப்போது மகள் பிரசவத்துக்காக ஓசூரில் இருந்தாள். அவளுக்குத் தேதி தெரியாது. எனக்குத் தெரியும்.

மார்ச் 22
கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"டேட்டு அவங்க போட்டது. யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?"

"எனக்கு இருக்குதே. அவரு கையெழுத்துப் போட்டாரா, இல்லியா?"

"உன் புள்ளைக்கு வேலை வேணாமா மௌரீன்?"

நான் ஏற்றிய மெழுகுவர்த்தி இதற்குத்தானா?

மார்ச் 23
அவர் உடம்பில் ஓடுவது அந்த மனுஷன் கொடுத்த இரத்தம். எப்டிங்க வாய் வந்துச்சி உங்களுக்கு?

மார்ச் 26
யூஜினிடம் சொன்னேன். அதிர்ச்சி அடைவான் என்று நினைத்தேன். "டாடி எனக்காகத்தானே மம்மி செஞ்சாரு" என்றான்.

அவனுக்கும் தெரியும். ஒரே வீட்டில் மூன்று பேர். தெரியாதவள் நான் ஒருத்தி.

மார்ச் 28
கோமளத்தின் வக்கீல் ஸ்ரீவித்யாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய் சாட்சின்னு மனு போட்டா உங்க ஹஸ்பெண்ட் மேலயே கேஸ் வரும்மா. ஜெயில் வரைக்கும் போகலாம். யோசிச்சுட்டு வாங்க."

யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 4
மனுவின் நகல் வீட்டுக்கு வந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரில், ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் தன் அக்கா பியாட்ரிஸ் வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் நின்று, "கட்டின பொண்டாட்டி செய்யற வேலையா இது?" என்றார்.

துரோகம் செய்தது நானாம்.

நவம்பர் 16
ஆஸ்பத்திரி ரெகார்டைக் கோர்ட்டே வரவழைத்தது. ஆபரேஷன் நேரம், இரத்தம் கொடுத்தவர் பெயர் எல்லாம் இருந்தது. சிரிலை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். "டிரேவர் சொல்லச் சொன்னதச் சொன்னேன்" என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை.

நவம்பர் 20
யூஜினை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

2024 நவம்பர் 18
தீர்ப்பு வந்துவிட்டது. வீடு கோமளத்துக்குத்தான். சிரில் மேல் போட்ட கேஸ் தனியாக நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறார்.

கோமளம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, "அண்ணனுக்கு மாத்திரையெல்லாம் யாரு எடுத்துக் குடுக்கறாங்கக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அவள் போனதும் மெடிக்கலில் நெஞ்சு மாத்திரை வாங்கி யூஜினிடம் கொடுத்தனுப்பினேன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இன்னாடா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல மம்மி. வாங்கிக்கினாரு."