மேல்காட்டில் குச்சி ஊன்றியவர்

10.6.2024, திங்கள்

பிள்ளைகள் தூங்கிவிட்டன. அங்கன்வாடியில் எனக்கென்று கிடைக்கிற நேரம் இதுதான்.

காலையில் மாமனார் காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, "காபி இன்னைக்கு நல்லாருக்குது கண்ணு" என்றார். நானும் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார், எதற்கென்று கேட்காமலே.

கண்ணாடி போடாததால் டப்பா மாறிவிட்டது என்றார் இவர். இருக்கும். ஆனால் நாக்குக்கு எதற்குக் கண்ணாடி?

15.6.2024, சனி

நல்ல மழை. இன்றைக்கு மரவள்ளிக் குச்சி ஊன்றினோம். கீழ்க்காட்டில் நானும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும். மேல்காட்டுக்குள் மாமா யாரையும் விடமாட்டார். அது அவர் கல் பொறுக்கி, வரப்பு கட்டி உண்டாக்கிய இடம். வருஷா வருஷம் அங்கே தனியாகத்தான் ஊன்றுவார்.

குச்சி காளியண்ணன் காட்டுடையது. அவர் பக்கத்துக் காட்டுக்காரர், இவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. நல்ல முற்றின குச்சியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் மாமா சேறும் சிரிப்புமாக இறங்கி வந்தார். சாமைச் சோறும் பருப்பும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் நிறைவு. இந்த மலையில் வாக்கப்பட்டதற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. அதைச் செம்மேட்டுப் பஸ்ஸில் ஏற இடம் கிடைக்காத நாள்களில் மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

24.6.2024

பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று மாமா இன்று ஏழெட்டுத் தரம் கேட்டார். கேட்கும்போது வாயில் பலாச்சுளை.

1.7.2024, திங்கள்

கீழ்க்காடு முழுக்கப் பச்சை. மேல்காட்டில் ஒன்றையும் காணோம்.

இவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, குச்சி சொத்தை, காளி பழைய குச்சியைக் கட்டிக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்றார். அதே கட்டிலிருந்து எடுத்ததுதான் கீழே முளைத்திருக்கிறது என்றேன். காதில் விழாத மாதிரி தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். இவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

4.7.2024

டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொத்தைக் குச்சியைக் கொடுத்தாயே என்று இவர் காளியண்ணனைக் கேட்டுவிட்டாராம். காளியண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாராம். அவர் மனைவி இன்று தண்ணீர்க் குழாயடியில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் செம்மேட்டுப் பஸ் மாதிரி. தாமதமாகத்தான் வரும். இன்று வந்துவிட்டது.

7.7.2024, ஞாயிறு

யாருக்கும் சொல்லாமல் மேல்காட்டுக்குப் போனேன். ஒரு குச்சியைப் பிடுங்கினேன்.

இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் முளைக்கண் இருக்கும். அது வானத்தைப் பார்க்க ஊன்ற வேண்டும். இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் இது தெரியும், விளையாட்டுக்கு ஊன்றும்போதுகூடச் சரியாகத்தான் ஊன்றும். என் கையில் இருந்த குச்சியின் கண் மண்ணைப் பார்த்திருந்தது. அடுத்ததைப் பிடுங்கினேன். அதுவும். வேறு வரிசைக்குப் போனேன். அங்கேயும். காடு முழுக்கத் தலைகீழ்.

வரிசை மட்டும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. மாமா, என்னங்க மாமா இது? அம்பது வருஷமா ஊனுன கை —

பிடுங்கினதை எல்லாம் இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படி வைத்தேன்? திருப்பி வைத்திருக்கலாமே. அவர் வேலையில் கை வைக்க மனசு வரவில்லை போல.

8.7.2024

இவரிடம் சொன்னேன். குச்சியை நான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருப்பேனாம்.

சொல்கிறார்! நான் தலைகீழாகப் பிடித்தேனாம்! பிறகு கூலிப் பெண்கள் ஊன்றியிருப்பார்கள் என்றார். அவர்கள் மேலே போகவே இல்லை என்றேன். கடைசியில், "எங்கப்பனைப் பைத்தியக்காரன்னு ஊர்ல சொல்லோணுமா உனக்கு?" என்றார்.

நான் அப்படியா சொன்னேன்? டாக்டரிடம் காட்டலாம் என்றுதானே சொன்னேன். காய்ச்சல் என்றால் கொண்டுபோய்க் காட்டமாட்டோமா? மாமா தனியாக ஓடைப் பக்கம் போகிறார், மிளகுக்கொடி ஏறிய மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்திக்கொண்டு நிற்கிறார். ஒருநாள் வழி தெரியாமல் நின்றுவிட்டால்? இறங்கத் தெரியாமல் மேலேயே இருந்துவிட்டால்?

9.7.2024

நாத்தனார் பூங்குழலி ராசிபுரத்திலிருந்து போன் பண்ணினாள். இவர் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. "நான் பொறந்தன்னைக்குப் பேஞ்ச மழையை எங்கப்பா இன்னும் சொல்லுவாருங்க அண்ணி. அவருக்கா மறதி?" என்றாள்.

அந்த மழை எனக்கும் தெரியும். நேற்று மட்டும் நாலு தரம் பெய்தது.

11.7.2024

மாமா மேல்காட்டுக்குக் கிளம்பினார். கண்ணாடி விரியன் சுற்றுகிறது, போகாதீர்கள் என்று இவர் தடுத்துவிட்டார். மாமா தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாம்பாவது ஒன்றாவது. நான் சொன்னதை நம்பாதவர் எதற்கு ஒரு பாம்பை உண்டாக்கினார்? அப்படியென்றால் இவருக்குத் தெரியும். என்னைவிட முன்னாலேயே தெரியும்.

கோபம் பாதி இறங்கிவிட்டது.

14.7.2024, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பாம்பு மாமாவுக்கு மறந்துவிட்டது. காலையிலேயே மேலே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். அவர் ஒரு குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கமாக வளைந்து வெளுத்த முளை ஒன்று அதில் அப்போதுதான் வந்திருந்தது.

"இதை எவன் ஊனுனது? கண்ணு கீழ பாக்குது. குடிச்சுப்போட்டு ஊனுனானா?"

அப்படியொரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் காளியண்ணன் வந்து நின்றார். அவர் கண்ணும் குச்சி மேலேயே இருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. டீக்கடையில் வாங்கின பேச்சுக்கு ஒரே வார்த்தையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாயைத் திறந்தவர், மாமா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"கேக்கறன்ல. எவன் ஊனுனது?" மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நாந்தானுங்கப்பா" என்றார் இவர்.

மாமா கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். பிறகு கோபம் போன இடம் தெரியவில்லை. "வா சாமி, இங்க உக்காரு" என்று பக்கத்தில் உட்கார வைத்து, தழும்பைக் காட்டி, கண்ணைக் காட்டி, விரலால் மண்ணைக் கிளறி ஊன்றிக் காட்டினார். கை ஒரு பிசகும் இல்லாமல் ஊன்றியது. ஐம்பது வயது மனுஷன் இவர், கேட்டதற்கெல்லாம் ஆமாங்கப்பா, சரிங்கப்பா என்று ஊன்றிக்கொண்டிருந்தார். காளியண்ணன் வேலியைத் தாண்டி வந்து, அடுத்த வரிசையில் குனிந்தார்.

பாதிக் காடு திருப்பி ஊன்றுவதற்குள் மழை வந்துவிட்டது. இறங்கும்போது இவர் என் பக்கத்தில் வந்து, நாமக்கல்லுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றார். தனக்குக் காட்டத்தான் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிடு என்றார்.

சாயங்காலம் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு காளியண்ணன் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டாரா, கேட்கவில்லையா, தெரியாது. திரும்பி வரும்போது சட்டையெல்லாம் பலாப்பால். அங்கேயே உட்கார்ந்து அறுத்துக் கொடுத்திருக்கிறார்.

22.7.2024, திங்கள்

நாமக்கல் போய் வந்தோம். வளைவுக்கு வளைவு இவர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். மாமா ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் மாமாவே ஆரம்பித்துவிட்டார். "பையனுக்கு மறதிங்க. குச்சி ஊனறதே மறந்துபோச்சு. நல்லாப் பாருங்க." அந்தம்மா கெட்டிக்காரி. சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, பையனைப் பார்க்கிற சாக்கில் மாமாவிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டார். இது என்ன மாதம் என்றதற்கு மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. மறதி நோயின் ஆரம்பம். போனது திரும்பாது, போவதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். பழகின வேலையை நிறுத்தாதீர்கள், கூட ஆள் இருக்கட்டும், மரம் ஏற விடாதீர்கள், வாதாடாதீர்கள்.

திரும்பும்போது இவர் பஸ்ஸில் தூங்கிவிட்டார். மாமா தன் துண்டை மடித்து இவர் தலைக்கு முட்டுக் கொடுத்தார்.

28.7.2024

பூங்குழலி வந்திருக்கிறாள். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு மூச்சுச் சண்டை போட்டாள். மத்தியானம் மாமா அவளிடம், "எந்த ஊருங்க கண்ணு?" என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நானும் போய்க் கூட நின்றேன். அப்புறம் இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு வந்து களி கிண்டினோம்.

17.8.2024

மூங்கில் ஏணியை இவர் காளியண்ணன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கேட்டால், காளிக்கு வேண்டுமாம் என்று சொல்கிறோம். மாமா தினமும் கேட்கிறார். தினமும் சொல்கிறோம். சலிக்கவில்லை.

20.4.2025, ஞாயிறு

மேல்காட்டில் கிழங்கு பிடுங்கினோம். அன்று மழையில் திருப்பி ஊன்றாமல் விட்டவை பிந்தி முளைத்து, கோணல்மாணலாக வளர்ந்திருந்தன. அதிகம் எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லை, வீட்டுக்கும் காளியண்ணனுக்கும் போதும்.

அங்கேயே அடுப்பு கூட்டி வேகவைத்து, பச்சைமிளகாய்த் துவையலோடு சாப்பிட்டோம். மாமா கோணல் செடி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எவன் ஊன்றியது என்று கேட்டார். இவர் வாயில் கிழங்கோடு, நாந்தானுங்க என்றார். இப்போதெல்லாம் யோசிக்காமலே வந்துவிடுகிறது.

மாமா காளியண்ணன் பக்கம் திரும்பி, இவரைக் காட்டினார்.

"இந்தப் பையன் யாரு ஊட்டுப் பையனோ, ஊனத் தெரியலீங்க. ஆனா தப்பைத் தப்புன்னு ஒத்துக்கறான். நல்லாருப்பான்."

காளியண்ணன் ஆமாங்க என்றார். இவர் குனிந்து, சூடாக இருந்த ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்து, ஊதி ஆற்றி, மாமா தட்டில் வைத்தார்.