பேச்சாளர் எண் ஒன்று

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை கை வரமாட்டேன் என்கிறது. நீ நலமாக இருந்தால் அதுவே போதும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, மற்றபடி வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. உன் தம்பி பேசுவதை நிறுத்தி இன்றோடு பத்தொன்பது நாள். போனில் சொன்னால் அவன் காதில் விழும் என்றுதான் கடிதம்.

போன விடுமுறையில் உன் முதுகலை ஆய்வுக்கென்று அவன் பேச்சைப் பதிவு செய்தாயே, அவன் மாட்டேன் மாட்டேன் என்றதும், அக்காவுக்காக இதுகூடச் செய்யமாட்டாயா என்று கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தவள் நான்தான். மின்விசிறியை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, வியர்க்க வியர்க்க நூற்றிருபது சொல்லையும் மூன்று மூன்று முறை சொன்னான். திக்கினாலும் வாய் ஓயாத பிள்ளை அவன், வேலை பார்க்கும் உதிரிபாகக் கடையில் அவனுக்கு ரேடியோ என்றே பெயர், சாமான் வாங்க வந்தவர்கள் அவன் கதை முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்தக் கடையில் யாரோ நீ கருத்தரங்கில் பேசிய வீடியோவை இணையத்தில் பார்த்திருக்கிறார்கள். பேச்சாளர் எண் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறாய். ஒலியியல் படிக்கிறவள் நீ, பெயரை மறைத்தால் குரல் மறைந்துவிடுமா? அவனைச் சுற்றி நின்று திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு திணறுகிறான், உதடு எத்தனை நேரம் மூடியிருந்தது என்று நீ திரையில் கோடு போட்டுக் காட்டுகிறாய், கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள், நீயும் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறாய். உன்னை அப்படி வளர்க்கவில்லையே என்று வாய் வரை வருகிறது, ஆனால் இழுத்து வந்து உட்கார வைத்தவள் நான், யாரைச் சொல்வேன்.

இப்போது வேலைக்குப் போகிறான், வருகிறான், வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி நீட்டுகிறான். நீ அவனிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தைத் தேடி எடுத்துப் படித்தேன், பேசியவர் எப்போது வேண்டுமானாலும் தன் பதிவைத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. எழுதிக் கொடுடா என்றேன். "என் பேச்சை வெச்சுத்தான் மொத்த ஆய்வும் இருக்கு, எடுத்துட்டா அக்காவுக்கு ரெண்டு வருஷம் போச்சு, விடும்மா" என்று எழுதி நீட்டினான். அப்பாவோ, அவள் படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்.

படிவப்படி அவன்தான் கேட்க வேண்டும், அவன் கேட்கமாட்டான். கேட்காமலே நீ அந்தப் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடு. வேறு ஒருவரை வைத்து முதலிலிருந்து தொடங்குவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவனுக்குப் போன் செய்யாதே. உன் பெயரைப் பார்த்தால் எடுக்காமல் இருக்க அவனால் முடியாது, எடுத்துவிட்டால் பேசவும் முடியாது. நேரில் வா.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற
அம்மா